ஹிக்கரி விறகில் பொங்கிய பால்

பியர்பொன்ட்ஸ் என்னும் இந்தக் குளிர்நாட்டு ஊரில் எங்கள் வீட்டின் பின்வளவில் ஒரு ஹிக்கரி மரம் நிற்கிறது. இலையுதிர் காலத்தில் அம்மா அதன் கொட்டைகளை உரலில் தட்டி உடைத்து, பருப்பை எள்ளுருண்டையில் சேர்ப்பார். எங்கள் கோடரிக்குப் பிடியும் அதன் கொம்பில் அப்பா செதுக்கியதே. முந்திய ஆண்டுப் புயலில் ஒரு பெரிய கிளை முறிந்து விழுந்தபோது, அதை விறகாக்கிக் கராஜில் அடுக்கினோம். அந்த விறகை அம்மா வேறெதற்கும் தொடவிடவில்லை.

எனக்குச் சிறுநீரகத்தில் அறுவைச் சிகிச்சை நடந்த நாளில் அவர் ஒரு நேர்த்தி வைத்திருந்தார். நான் நலமாக வீடு திரும்பினால், தைப்பொங்கலன்று திறந்த வெளியில் விறகடுப்பில் பொங்குவது. அதுவரை வீட்டில் எவரும் மச்ச மாமிசம் தொடுவதில்லை.

பொங்கலன்று காலை பனியை வழித்து, கல் வைத்து அடுப்பு மூட்டினோம். புகை பானையைச் சுற்றியே நின்றது. பால் கிழக்கே பொங்கி வழிந்ததும் அம்மாவின் கண்கள் கலங்கின. சூரியனுக்குப் படைத்தபின் அப்பாதான் முதல் வாய் வைத்தார்.

"அச்சொட்டா பேக்கன்ர ருசியப்பா!"

அம்மாவின் கரண்டி நின்றது. "பேக்கனெண்டா பண்டியெல்லே?"

"ஓம். இஞ்ச இந்த விறகிலதான் பண்டி இறைச்சிக்குப் புகை போடுறவை. அந்த மணம்தான் இதில பிடிச்சிட்டுது."

"மணம் றோட்டில போகேக்கையும் வரும். ருசி எப்பிடித் தெரியும் உங்களுக்கு?"

அப்பா பனியைப் பார்த்தார். என் கை தானாகவே விலாவிலிருந்த தழும்பைத் தேடிப் போனது. அம்மாவுக்காக முட்டை கலந்த கேக்கைக்கூட மறுத்தவர் அவர்.

"போன மாசம்," என்றார் கடைசியில். "வேலையில சாண்ட்விச் தந்தவங்கள். ஒண்டே ஒண்டுதான்."

"பிள்ளையின்ர உயிருக்கு வைச்ச நேர்த்தியப்பா!"

அடுப்பில் ஒரு கட்டை வெடித்தபோது நான் திடுக்கிட்டேன். அம்மா அழுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவரோ பானையிலிருந்து சிறிது எடுத்து வாயில் வைத்து, நிதானமாக மென்றார்.

"இந்த ருசிக்கோ விரதத்தை விட்டனீங்கள்?"

அப்பா குனிந்து ஒரு கட்டையை அடுப்புக்குள் தள்ளினார்.

"அடுத்த தைக்குத் திரும்பப் பொங்குவம். வேற விறகில. அதுவரைக்கும் நீங்கள் முட்டையும் தொடக்கூடாது."

அப்பா தலையாட்டினார். படைத்ததை எறியக்கூடாது என்று சொல்லியபடி அம்மா எனக்கு ஒரு கிண்ணம் நிறையப் போட்டார். பிறகு, எங்கள் இருவரையும் பாராமல், தமக்கும் இன்னொரு அகப்பை போட்டுக்கொண்டார்.