குட்டிக்கு ஈரத்துணி

பிறந்த பூனைக்குட்டிக்குத் தானாக மூத்திரம் போகத் தெரியாது. இது எனக்கு அறுபது வயதுக்கு மேல்தான் தெரியவந்தது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

தாய் நக்கிவிட வேண்டும். நக்கினால்தான் வரும். தாய் இல்லாவிட்டால் ஒரு ஆள் துணியை நனைத்து அந்த இடத்தில் தடவ வேண்டும். தடவாவிட்டால் வயிறு வீங்கிச் செத்துப்போகும். எங்கள் வீட்டில் அந்த ஆள் நான் என்று ஆகிவிட்டது.

நான் பேகம்பூர்ப் பக்கம் ஒரு தோல் ஷாப்பில் வேலை செய்கிறேன். ஆட்டுத்தோல் உப்புப் போட்டு வரும். ஊறவைப்போம். சுண்ணாம்பும் மருந்தும் தடவி ரோமத்தை உரிப்போம். உள்பக்கத்து ஜவ்வைக் கத்தியால் சீவுவோம். கல்யாணத்துக்கு முன்னால் பிடித்த கத்தி, இன்னும் விடவில்லை. புது ஆள் அந்தச் சந்துக்குள் வந்தால் மூக்கைப் பொத்துவான். நான் அங்கேயே உட்கார்ந்து சோறு தின்பேன். அதனால் எனக்கு அருவருப்பு என்பதே கிடையாது என்று என் வீட்டுக்காரி நினைத்திருந்தாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

தாய்ப்பூனை எங்கள் பூனை இல்லை. சாம்பல் நிறம். மாடிப்படிக்கு அடியில் வந்து படுக்கும். வீட்டுக்காரி மீன் தலை போடுவாள். அது வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து, படிக்கு அடியில் பழைய சாக்கின் மேல் மூன்று குட்டி போட்டது. ஒரு வாரம் ஆவதற்குள் ரோட்டில் மினி பஸ்ஸில் அடிபட்டுச் செத்தது. எங்களுக்குத் தெரிய ஒரு நாள் ஆனது. சாக்கை விலக்கிப் பார்த்தபோது இரண்டு குட்டியை எறும்பு மொய்த்திருந்தது. மூன்றாவது அசைந்தது. அதன் காதிலும் எறும்பு.

அவள் அதை முந்தானையில் எடுத்துத் துடைத்தாள். மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கேட்டு வந்தாள். பால்பவுடர், ஊசி இல்லாத சிரிஞ்சு, ஈரத்துணி எல்லாம் அங்கே சொல்லிக்கொடுத்ததுதான். நான் வாசலோடு நின்றுகொண்டேன்.

அவளே அதைக் கவனித்திருந்தால் எனக்கு ஒரு தொல்லையும் இல்லை. பழனியில் இருக்கிற மகளுக்கு இரண்டாவது பிரசவம், நாளுக்கு முந்தியே வலி வந்துவிட்டது. போன் வந்ததும் அவள் துணியைப் பையில் திணித்தாள். திணித்துக்கொண்டே எனக்குப் பாடம் நடத்தினாள்.

"மொதல்ல பால். குப்புற வச்சுத்தான் குடுக்கணும், மல்லாத்தக் கூடாது. பொறவு ஈரத்துணி. தாய் நக்குற மாதிரி."

"தாய் எப்படி நக்கும்னு நான் கண்டேனா?"

"நக்கச் சொல்லல. துடைக்கத்தான் சொல்றேன்."

"பக்கத்து வீட்ல குடுத்துட்டுப் போயேன்."

"அவுக வாங்க மாட்டாக. கேட்டுப் பாத்துட்டேன்." பையின் ஜிப்பை இழுத்தாள். "ஏங்க, இது சாகப்படாது. அந்தத் தாய்க்கு ஊர்ல எடமா இல்ல? என்னைய நம்பித்தான் இங்க வந்து போட்டுச்சு. நான் வாரப்ப இது உசுரோட இருக்கணும். அம்புட்டுத்தான்."

பஸ் ஏறிப் போய்விட்டாள். அவள் என்னிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை.

முதல் தடவை துணியை நனைத்துத் தடவினேன். ஒன்றும் வரவில்லை. கொஞ்சம் அழுத்தித் தடவினேன். வந்தது. என் கட்டைவிரலில் வழிந்து மணிக்கட்டு வரை போனது. பின்னாலேயே மஞ்சளாக, கடுகு அரைத்ததுபோல ஒன்று வந்தது. குட்டியை அப்படியே தரையில் வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினேன். குமட்டிக்கொண்டு வந்தது. சாப்பிட்டிருந்தால் வெளியே வந்திருக்கும்.

ஏன் என்று எனக்கே புரியவில்லை. புழு வைத்த தோலைக் கையால் எடுத்திருக்கிறேன். அழுகின தண்ணீரில் முழங்கால் வரை நின்றிருக்கிறேன். பிறகு புரிந்தது. தோல் குளிர்ந்திருக்கும். அதில் எது ஒட்டியிருந்தாலும் குளிர்ந்துதான் இருக்கும். இது சூடாக வந்தது. உள்ளே ஒரு உயிர் இருந்து அதை அனுப்புகிறது. அந்தச் சூடுதான் எனக்கு ஆகவில்லை. பெற்ற பிள்ளை மூன்று. ஒன்றுக்கும் நான் கழுவிவிட்டதில்லை. தோல் ஷாப்புக் கையோடு பிள்ளையைத் தொடாதே என்று அவளே சொல்லிவிடுவாள். எனக்கும் அது வசதியாக இருந்தது.

கண் திறக்காத குட்டி. இமை ஓரத்தில் சீழ் கட்டி ஒட்டியிருக்கும். வெந்நீரில் பஞ்சை நனைத்து எடுக்க வேண்டும். பால் பாதி வாய்க்குள் போகும், மீதி கழுத்தில் வழிந்து புளிக்கும். உடம்பெல்லாம் தெள்ளுப்பூச்சி. பேன்சீப்பால் சீவித் தண்ணீரில் போட்டால் கறுப்புப் புள்ளியாக நீந்தும். கழுத்தும் அக்குளும் ஒரே நாற்றம். தோல் ஷாப்பில் கட்டாத கர்ச்சீப்பை வீட்டில் மூக்கைச் சுற்றிக் கட்டினேன்.

தொழுகைக்கு வேறு கைலி வைத்துக்கொண்டேன். பூனை தொட்டால் குற்றமில்லை, அதன் மூத்திரம் பட்டால் ஆகாது. எந்நேரமும் எங்கேயாவது பட்டுக்கொண்டுதான் இருந்தது. வெள்ளைக் கைலியைத் துவைத்து மடித்து அலமாரிக்கு மேல் வைத்தேன். அந்த வீட்டில் சுத்தமாக இருந்தது அது ஒன்றுதான்.

இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் கொடுக்க வேண்டும். வேலைக்கும் போக வேண்டும். அட்டைப்பெட்டியில் போட்டு ஷாப்புக்கே தூக்கிப் போனேன். உப்பு மூட்டை அடுக்கியிருக்கிற அறையில் வைத்தேன். என்னோடு சீவுகிறவன் குஜிலியம்பாறைப் பக்கத்து ஆள். வாய் சும்மா இருக்காது.

"என்ன பாய், மக பழனியில பெத்தா, நீங்க இங்க தொட்டில் கட்டியாச்சு?"

"கத்தியைப் பாரு. விரல் போயிரும்."

"தாய்ப்பால் ஊறுதா?"

ஷாப்பே சிரித்தது. நான் பெட்டியைத் திறந்து துணியை நனைத்தேன். சிரித்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்கள். ஜவ்வு சீவுகிறவர்களுக்கே அது தாங்கவில்லை. எனக்கு அதில் ஒரு ஆறுதல்.

குட்டி கத்திக்கொண்டே இருந்தது. குளிர் என்று அவன்தான் கண்டுபிடித்தான். ஆடு வளர்க்கிறவன்.

"தாய் இல்லாததுக்கு ரோமம் வேணும் பாய். இம்புட்டு ரோமம் குமிஞ்சு கெடக்கு, ஒரு பிடி அள்ளி வைங்க. தாயின்னு நெனச்சு ஒட்டிக்கும்."

சரிதான் என்று பட்டது. உரித்துப் போட்ட செம்மறி ரோமம் மூலையில் குவிந்திருந்தது. ஒரு கை அள்ளினேன். அலசினேன். மறுபடி அலசினேன். வெயிலில் காயவைத்துப் பெட்டியில் பரப்பினேன். எங்களுக்கு அது ரோமம். அதில் என்ன தடவியிருக்கிறது என்று யாரும் நினைக்கவில்லை. நாள் முழுதும் அதிலேயே நிற்கிறவனுக்கு அது மருந்தாகத் தோன்றாது.

குட்டி மூக்கால் முட்டி உள்ளே போனது. கத்தல் நின்றது. ஒரு கொத்தை வாயில் வைத்துச் சப்பத் தொடங்கியது. சப்பும் சத்தம் கேட்கவே சகிக்கவில்லை. ஆனாலும் தூங்கியது. அன்றைக்கு நானும் தூங்கினேன்.

காலையில் பால் குடிக்கவில்லை. சிரிஞ்சை வைத்தால் தலையைத் திருப்பியது. வாயைச் சுற்றி எச்சில் நூல் நூலாகத் தொங்கியது. விரலால் திறந்து பார்த்தேன். உதடு சிவந்து, நாக்கு நுனியில் தோல் உரிந்திருந்தது.

பார்த்ததும் தெரிந்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் விரல் அப்படித்தான் உரிந்தது. சுண்ணாம்பு. ரோமத்தை அப்படியே அள்ளிச் சாக்கடையில் எறிந்தேன். அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை.

மாட்டாஸ்பத்திரியில் டாக்டரம்மா வாயைத் திறந்து பார்த்தார்.

"என்ன பெரியவரே, இதுக்கு என்னத்தைக் குடுத்தீங்க?"

"ரோமம்."

"ரோமமா?"

"தோல் ஷாப்பு ரோமம். குளிருக்கு வச்சேன். சப்பிருச்சு."

அவர் என் கையைப் பார்த்தார். வாயைத் தண்ணீர் விட்டு விட்டுக் கழுவினார். தடவ ஒரு மருந்து கொடுத்தார். "பசியில கெடந்தா ஒரு நாள்கூடத் தாங்காது. நாக்குல படாம, கன்னத்து ஓரமா சொட்டு சொட்டா விடுங்க. அது குடிக்கலைன்னாலும் விடணும்."

விட்டேன். ஒரு சொட்டு. அது விழுங்கும் வரை இருப்பேன். அடுத்த சொட்டு. பாதி எச்சிலோடு கலந்து என் முழங்கையில் ஒழுகியது. இரத்தமும் கொஞ்சம். பாலும் எச்சிலும் இரத்தமும் சேர்ந்தால் ஒரு வீச்சம் வரும். அது சோற்றிலும் வந்தது, தண்ணீரிலும் வந்தது. ஒரு வாய் சோறோ வெஞ்சனமோ இறங்கவில்லை. வெறும் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்து வீடியோ கால். மகள் பிடித்திருந்தாள், வீட்டுக்காரி பக்கத்தில்.

"அத்தா, பேரனைப் பாருங்க."

பார்த்தேன். சிவப்பாக இருந்தான். அவன் நாப்கினை வீட்டுக்காரி மாற்றிக்கொண்டிருந்தாள்.

"குட்டியைக் காட்டுங்க," என்றாள் வீட்டுக்காரி.

பெட்டியில் குனிந்து வால் பக்கமாகக் காட்டினேன்.

"வாலை மட்டும் காட்டுறீக. தலை எங்க?"

"தலை தூங்குது."

"வால் முழிச்சிருக்காக்கும்?"

மகள் சிரித்தாள். வீட்டுக்காரி சிரிக்கவில்லை. "உசுரோட இருக்குல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

"இருக்கு," என்றேன். அந்த நிமிடத்துக்கு அது உண்மை.

குளிருக்கு வேறு வழி செய்தேன். வாட்டர் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, என் பழைய பனியனைச் சுற்றிப் பக்கத்தில் வைத்தேன். அதில் சப்ப ஒன்றும் இல்லை. சப்பாமல் இது தூங்காது. மறுநாள் எச்சில் குறைந்தது. அதற்கு மறுநாள் சிரிஞ்சு முனையைத் தேடி வந்தது. கன்னத்து ஓரம் வேண்டாம் என்று நேராகவே கவ்வியது. பால் முடிந்ததும் என் சுண்டுவிரலைக் கவ்விச் சப்பியது. சுண்ணாம்பில் ஊறித் தடித்த விரல். அதில் எனக்கு உணர்ச்சி குறைவு. சூடு மட்டும் தெரிந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் கொடுத்தேன். சப்பி முடித்ததும் மறுபடி தேய்த்துக் கழுவினேன். முதல் கழுவல் அதற்காக. இரண்டாவது எனக்காக.

ஒரு கண் திறந்தது. இரண்டு நாள் கழித்து இன்னொன்று. பெட்டிக்குள் நடந்தது, பிறகு பெட்டியைத் தாண்டியது. ஈரத்துணி மட்டும் நிற்கவில்லை. பால், துணி, கழுவல். பால், துணி, கழுவல். மணலைத் தட்டில் போட்டு அதில் நிறுத்திப் பார்த்தேன். மணலைத் தின்றது. அதை வாயிலிருந்து நோண்டி எடுத்தேன்.

பேரனுக்கு ஒரு மாதம் ஆனதும் வீட்டுக்காரி வந்தாள். பையை வைக்கவில்லை, "எங்க?" என்றாள். குட்டி கட்டிலுக்கு அடியிலிருந்து வந்தது. கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். உதட்டில் ஒரு பக்கம் மயிர் முளைக்காமல் வழுக்கையாக இருந்தது.

"இதென்னது, வெந்த மாதிரி?"

சொன்னேன். ரோமம், சுண்ணாம்பு, டாக்டரம்மா, சொட்டு. அவள் அந்த வழுக்கையை விரலால் தடவிப் பார்த்தாள்.

"அதான் தலை தூங்குச்சாக்கும்," என்றாள்.

பிறகு, "அந்தத் துணியைக் குடுங்க. இனி நான் பாத்துக்கிறேன்," என்றாள்.

துணியை நனைக்கப் போனேன். அவள் குட்டியை இறக்கிவிட்டுக் கை கழுவப் போனாள். பயணம் போய் வருகிறவளை வரவேற்க அன்று காலையில்தான் வீட்டைக் கூட்டித் துடைத்து, கைலியைத் துவைத்து மடித்திருந்தேன். அலமாரிக்கு மேல் வைக்க மறந்து கட்டிலில் வைத்துவிட்டேன். குட்டி போர்வையைப் பற்றி மேலே ஏறியது. கைலி மேல் நின்று இரண்டு சுற்றுச் சுற்றியது. பின்னங்காலை மடக்கியது. யாரும் தடவவில்லை. துணி என் கையில் இருந்தது. தானாகவே மூத்திரம் போனது, கண்ணை மூடிக்கொண்டு, வேண்டிய மட்டும். வெள்ளையில் மஞ்சள் வட்டமாகப் பரவியது.

"ஏங்க! தானா போயிருச்சுங்க!" வீட்டுக்காரி கை ஈரத்தோடு வந்து நின்று கத்தினாள். பேரன் பிறந்ததற்கு இவ்வளவு சத்தம் போட்டாளா தெரியாது.

கைலியின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினேன். சூடாக இருந்தது. குமட்டியது, முதல் நாள் குமட்டிய மாதிரியே. அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. சுத்தமான கைலி வேறு இல்லை.

"இன்னும் அருவருப்பாவா இருக்கு?" என்றாள்.

"ஆமா," என்றேன்.

ஈரத்துணியைக் குப்பையில் போட்டேன். கைலியை வாளியில் முக்கினேன்.