வெட்டி எறிந்த கோடு

தொண்ணூறுகளின் நடுவில் அடையாற்றில் ஓர் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தேன். குஞ்சு உருவாகத் தொடங்கிய கோழிமுட்டையிலிருந்து கால் தசையை எடுத்து, அதன் செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்ப்பது என் வேலை. மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் முட்டை என்ற பேச்சே கூடாது. "ஆத்துக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி குளிச்சுட்டு வா" என்பாள் அம்மா. கொல்லைக் குழாயடியில் தினமும் இன்னொரு குளியல்.

அந்தச் செல்கள் முதலில் தனித்தனியாகக் கிடக்கும். சில நாளில் வரிசைகட்டி நெருங்கி, ஒன்றோடொன்று கலந்து நீண்ட நாராகிவிடும். ஒரு காலை நுண்ணோக்கியில் பார்த்தபோது ஒரு நார் துடித்தது. மூளையில்லை, நரம்பில்லை, தானாகவே துடித்தது. அன்று பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

பெருகிக்கொண்டிருக்கும் செல்லைத் தசையாக மாறச் சொல்வது எது? அதுதான் என் கேள்வி. கலப்பதற்கு முன்னும் பின்னும் செல்களிலிருந்து, மரபணுவின் கட்டளையைச் சுமக்கும் ஆர்.என்.ஏ.வை எடுத்து, ஜெல்லில் அளவுவாரியாகப் பிரித்து எக்ஸ்ரே ஃபிலிமில் படமாக்கினேன். கலந்த பிறகு எடுத்ததில் மட்டும், படத்தின் அடியில் மெல்லிய ஒரு கோடு. மிகச் சிறிய ஆர்.என்.ஏ.தான் அவ்வளவு கீழே இறங்கும்.

என் வழிகாட்டிப் பேராசிரியர் ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இது குப்பைம்மா. பெரிய ஆர்.என்.ஏ. உடைஞ்சு அடியில சேர்ந்திருக்கு. கை சுத்தமா வேலை செய்யணும்."

"உடைஞ்சிருந்தா இழுவினாப்பல தெரியும் சார். இது தனிக் கோடா நிக்கறது. அதுவும் தசையில மட்டும்."

"எனக்கே பாடம் எடுக்கறியா?"

புதிய முட்டை, புதிய ரசாயனம் என்று மறுபடி செய்தேன். அதே கோடு. அவர் கத்தரிக்கோலை எடுத்து, என் கண்ணெதிரே படத்தின் அடிப்பகுதியை வெட்டிக் கூடையில் போட்டார்.

"இப்ப அழகா இருக்கு. தீசிஸ்ல இதைப் போடு."

"இன்னும் கொஞ்ச நாள் குடுங்கோ சார், இது என்னன்னு பாத்துடறேன்" என்றேன்.

"கல்யாணம் ஆனா இந்தப் பிடிவாதம்லாம் போயிடும்" என்றார்.

இதில் என் கல்யாணம் எங்கிருந்து வந்தது?

வெட்டுப்படாமல் இருந்த முதல் ஃபிலிமை எடுத்து, முழுப் படத்தோடுதான் ஆய்வேட்டை எழுதினேன். அவர் கையெழுத்திட மறுத்தார். பட்டமில்லாமல் வெளியேறி, தி. நகரில் ஒரு டுடோரியலில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கப் போனேன்.

பல வருடங்கள் கழித்து, மைக்ரோ ஆர்.என்.ஏ. என்னும் பொடிசுகளுக்குத் தசை உருவாவதில் பெரிய பங்கு உண்டென்று படித்தேன். நான் கண்டது அதுதான் என்று சொல்லமாட்டேன். வேறெதுவாகவும் இருந்திருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளக்கூட விடவில்லையே என்றுதான் ஆத்திரம்.

பிறகு நான் கேட்கப் போன ஒரு கூட்டத்தில் அந்தப் பேராசிரியரே மைக்ரோ ஆர்.என்.ஏ.வைப் பற்றிப் பேசினார். "அந்தக் காலத்துல உலகமே இதைக் குப்பைன்னுதான் நினைச்சுது" என்று சிரித்தார். சபையும் சிரித்தது. வாசலில் என்னைப் பார்த்ததும், "என்னம்மா, சௌக்கியமா?" என்றார்.

"என் படத்தை உலகம் வெட்டல சார். நீங்க வெட்டினேள்."

"எந்தப் படம்?" என்றார்.

அவர் நடிக்கவில்லை. அவருக்கு நிஜமாகவே ஞாபகமில்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.