கிரேக்கக் காவியத்தோடு ஏழாம் காம்பராவுக்கு

புளத்கொகுபிட்டியப் பக்கம் போக வழி கேட்டு இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். எனக்குத் தெரிந்த வழி 1976ஆம் ஆண்டினுடையது. அதைச் சொல்கிறேன், பஸ் நேரத்தை மட்டும் நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆகஸ்டில் பல்கலைக்கழக விடுதியை விடுமுறைக்காகப் பூட்டினார்கள். தோழிகள் வீட்டுக்குப் போனார்கள். எனக்குப் போக வீடில்லை. தோட்டத் தமிழர்களை இரண்டு நாடுகளும் பங்கிட்டுக்கொண்ட ஒப்பந்தத்தில் அப்பா அம்மாவுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்து, முந்திய வருடமே தலைமன்னாரில் கப்பலேறிவிட்டார்கள். எனக்குக் கிடைத்தது இலங்கைப் பிரஜாவுரிமை. பையில் கிடந்ததோ எழுதி முடிக்க வேண்டிய ஒரு கட்டுரை: பழைய கிரேக்கக் காவியங்களில் வீடு திரும்புதல். கேலிக்கும் ஓர் அளவு வேண்டாமா?

பிறந்த ரப்பர் தோட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அன்றைக்கே திரும்பி, கண்டியில் ஒரு தோழி வீட்டில் ஒட்டிக்கொள்வதாகத் திட்டம்.

கண்டியில் காலை ஏழு மணி பஸ். கேகாலைக்கு இருபத்தைந்து மைல். அங்கே மாறி புளத்கொகுபிட்டிய. இரண்டு பஸ்ஸுக்கும் சேர்த்து இரண்டு ரூபாய் சொச்சம். கொண்டக்டர் சிங்களத்தில், வீட்டுக்கா தங்கச்சி என்று கேட்டார். ஆமாம் என்றுவிட்டேன். கடைத்தெருவிலிருந்து தோட்டத்துக்கு இரண்டு மைல் ஏற்றம், நடைதான். ஸ்டோர் பக்கம் ரப்பர் பால் புளித்த வாடை வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. உங்களுக்கு மூக்கைப் பொத்தத் தோன்றும்.

தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாக வாழும் லயத்தை அடைந்த கால்கள் தாமாகவே நாங்கள் இருந்த ஏழாம் காம்பராவுக்குள், அந்த ஒற்றை அறை வீட்டுக்குள், நுழைந்தன. செருப்பைக் கழற்றி, பையை மூலையில் போட்டு, குடத்துத் தண்ணீரை மொண்டு குடித்தும் விட்டேன். அப்புறம்தான் அடுப்படியில் ஒரு பெண் என்னையே பார்த்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. வெட்கத்தோடு குடத்தை மூடினேன்.

அவர் பெயர் பாக்கியம், அந்தத் தோட்டத்து ரப்பர் மரங்களில் பால் வெட்டுகிறவர். ஒன்றும் கேட்காமல் கேத்தலை அடுப்பில் வைத்தார். வெறும் தேத்தண்ணியும் ஒரு துண்டு கித்துல் கருப்பட்டியும் கொடுத்து, நான் குடித்து முடித்த பிறகுதான் எங்கேயிருந்து வருகிறேன் என்று கேட்டார். நான் படித்த காவியத்திலும் அப்படித்தான், வந்தவனுக்குச் சோறு போட்ட பிறகே பெயர் கேட்பார்கள். ஆனால் அதே காவியத்தில், திரும்பி வந்தவன் தன் வீட்டுக்குள் புகுந்தவர்களை அடித்துத் தீர்க்கிறான். நானோ எங்கள் காம்பராவுக்கு வந்தவர்களுடைய தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

நான் பிறந்த காம்பரா அது, விடுதியும் பூட்டியாயிற்று என்ற விஷயத்தைச் சொன்னேன். பாக்கியக்கா என் பையை எடுத்து உள்ளே வைத்தார்.

"அப்ப இது உங்க காம்பராதானே. லீவு முடியிற மட்டும் இங்கனயே இருங்க. நாங்களும் இந்தியா போகப் பேப்பர் குடுத்திருக்கோம், எத்தன நாளைக்கு இங்க இருப்போமோ."

லீவு முழுக்க இருந்தேன். கட்டுரையையும் அங்கேதான் முடித்தேன். கரையில் கால் வைத்ததால் அல்ல, தன் வரவுக்குக் காத்திருக்க ஆள் இருந்ததால்தான் அந்தக் காவிய நாயகன் வீடு திரும்பினான் என்று எழுதினேன். எழுதும்போது அவன்மேல் பொறாமையாக இருந்தது.

போகிறவர்கள் கேகாலையில் காலையிலேயே பஸ் பிடியுங்கள், மத்தியானத்துக்கு மேல் மழையை நம்ப முடியாது. அட்டை கடிக்காமலிருக்கக் காலில் சவர்க்காரம் பூசிக்கொள்ளுங்கள். லயத்தில் யார் காம்பராவுக்குள்ளும் கூப்பிடாமல் நுழையாதீர்கள்.

அடுத்த வருட லீவுக்கு மறுபடி போனேன். பாக்கியக்கா கப்பலேறிவிட்டார் என்று கடைத்தெருவிலேயே சொன்னார்கள். வந்ததற்கு ஏறிப் பார்ப்போம் என்று நடந்து, இந்தத் தடவை வாசலிலேயே நின்று குரல் கொடுத்தேன். முன்பின் பார்த்திராத ஒரு பெண் ஈரக் கையைத் துடைத்தபடி வெளியே வந்தார்.

"பாக்கியக்கா சொல்லிட்டுத்தான் போனாங்க, லீவுக்கு ஒரு புள்ள வரும்னு. ஏன் வெளிய நிக்கிறீங்க?"