சோதனைச்சாவடி வரை

தொண்ணூறுகளின் கடைசியில் நான் ஆண்டிபட்டியில் குடியிருந்தபோது, எதிர்வீட்டுக்காரர் ஒரு மலைப் பயணத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். வருசநாட்டில் ஏறி, காட்டுப் பாதையிலேயே மேகமலையைக் கடந்து, குமுளியில் இறங்க வேண்டும், அதுவும் சைக்கிளில். நெடுநெடுவென்ற உடம்பு, நரைத்த மீசை. பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கக் கழுத்தை முழுதாகத் திருப்புவார். ஓரப்பார்வை போய்விட்டது, மீதியும் குறைந்துகொண்டேதான் வரும் என்று மதுரை டாக்டர் சொல்லியிருந்தார்.

தினமும் சாயங்காலம் போர்வை, ஸ்டவ், டியூப் எல்லாவற்றையும் கேரியரில் கட்டுவார். தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, அவிழ்த்து வேறு விதமாகக் கட்டுவார்.

வனத்துறை அனுமதி வரவேயில்லை. ஒரு நாள், "இனியும் காத்திருந்தா கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது சார். வாங்க, நேர்ல கேட்டுப் பாப்போம்" என்றார். நானும் என் சைக்கிளை எடுத்தேன்.

வருசநாட்டைத் தாண்டியதும் சோதனைச்சாவடியில் காவலர் மறித்தார். "யானை நடமாட்டம் இருக்கு. யாரையும் விடக் கூடாதுன்னு ஆபீசர் சொல்லியிருக்காக."

"கொஞ்ச தூரம் தள்ளிக்கிட்டாவது போறேன் தம்பி."

"என் வேலை போயிரும்ணே."

எதிர்வீட்டுக்காரர் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மலையை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மெதுவாகப் பார்த்தார். பிறகு சைக்கிளைத் திருப்பினார்.

"முன்னால நீங்க போங்க சார். ஒங்க பின் டயரப் பாத்துக்கிட்டே வாரேன்."

பள்ளம் வரும்போதெல்லாம் குரல் கொடுத்தேன். "தெரியுது, தெரியுது" என்றார். கொஞ்ச நேரத்தில் பதில் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். சைக்கிளை விட்டு இறங்கி நின்றுகொண்டிருந்தார்.

"இருட்டிருச்சா சார்?"

மலை மேல் இன்னும் வெயில் இருந்தது.

"ஆமா" என்றேன்.

அவர் அதை நம்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.