லோனி காட்டாத கால்

அமெரிக்காவில் டொலிடோ நகரத்தில் இருக்கும் எங்கள் கால் கிளினிக்குக்கு வருஷா வருஷம் ஒரு பிள்ளை வந்து சேரும். காலேஜை முடித்து, டாக்டர் படிப்புக்கு மனுப் போட்டுவிட்டு, இடம் கிடைக்கும்வரை எங்களிடம் உதவியாளாகக் காலம் தள்ளும். ரத்த அழுத்தம் ஒழுங்காகப் பார்க்கத் தெரியாது, அதற்குள் டாக்டர் தோரணை மட்டும் வந்துவிடும். இதுகளைப் பழக்கி அனுப்புவது அங்கே நர்ஸாக இருக்கும் என் தலையெழுத்து.

அப்படி வந்த மேரன் கோவாலிக்குக்கு அந்தத் தோரணை இல்லை. சர்க்கரை நோய்க்காரர்கள் முன்னால் தரையில் மண்டியிட்டு, பூட்ஸைக் கழற்றி, சாக்ஸை உருவி, விரலிடுக்கெல்லாம் துடைத்து, டாக்டர் பார்க்கத் தயாராக வைப்பாள். நாற்றத்துக்கு அவள் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. அந்த வருஷம் எத்தனையோ கல்லூரிகளுக்கு மனுப் போட்டதில் ஒன்றே ஒன்றுதான் அவளை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது. வியாழக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு, கம்ப்யூட்டரில். அதற்காகப் பின்னறையை நானே ஒழித்துக் கொடுத்தேன்.

அன்றைக்குப் பதினொன்றரைக்கு லோனி ஹாஸ்கெட் வந்தார். கண்ணாடி ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கிழம். இடது காலை மட்டும் நீட்டினார்.

"வலதையும் கழட்டுங்க, லோனி," என்றாள் மேரன்.

"அது நல்லாத்தாம்மா இருக்கு. விடு."

போன தடவையும் இதையே சொல்லித்தான் தப்பித்திருந்தார். டாக்டர் ஆபரேஷனில் இருந்தார். நான் உள்ளே போய், "நீ கிளம்பு, நான் பாத்துக்கறேன்," என்றேன் மேரனிடம்.

"ரோண்டா தொட்டா நான் வீட்டுக்குப் போயிடுவேன்," என்றார் லோனி. சிகரெட்டுக்காக முன்பு நான் விட்ட டோஸ் அப்படி.

மேரன் கடிகாரத்தைப் பார்த்தாள். அப்புறம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எதுக்கு பயப்படறீங்க?"

லோனி வலது பூட்ஸைக் கையால் மூடிக்கொண்டார். "விரல் கறுத்துப் போச்சு. பாத்தா வெட்டணும்பாங்க. வலது கால் இல்லாம வண்டியை எப்படி ஓட்டறது? என் பெண்டாட்டி டோலரஸை டயாலிசிஸுக்கு யாரு கூட்டிட்டுப் போவா? உங்கப்பனா?"

"எங்கப்பாவுக்கு லைசென்ஸே இல்ல," என்றாள் மேரன். "இன்னிக்குக் காட்டினா ஒருவேளை விரலோட போகும். இன்னும் மறைச்சா காலே போகும். அப்ப டோலரஸ் நடந்துதான் போகணும்."

கிழவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலை நீட்டினார்.

சாக்ஸ் புண்ணோடு ஒட்டிப் போயிருந்தது. உப்புநீரை ஊற்றி ஊற்றி, நூல் நூலாகப் பிரித்தாள். நடுவில் அவள் எழுந்து போயிருந்தால் அவர் பூட்ஸை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டியிருப்பார். அவள் பின்னறைக்கு ஓடியபோது மணி ஒன்றாகப் போகிறது. திரையில் யாரும் இல்லை.

காரணத்தைச் சொல்லிக் கல்லூரிக்கு எழுதிப் போட்டாள். வருந்துகிறோம் என்று அன்றைக்கே மரியாதையாகப் பதில் வந்தது. அவள் அழவில்லை, இன்டர்வியூவுக்கென்று கொண்டுவந்த கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டாள்.

லோனிக்கு ஒரு விரல்தான் போயிற்று. மறு வருஷம் கோடையில், தானே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். டோலரஸ் முன் சீட்டில் உட்கார்ந்து கையாட்டினாள். உள்ளே வந்து மேரனைப் பார்த்ததும் கிழவருக்குக் குஷி.

"ஏம்மா, நீ இன்னும் இங்கதான் இருக்கியா? டாக்டராப் போறேன்னு சொன்னியே. மூளை இருக்கறவங்களைத்தான் எடுப்பாங்களோ?"

நான் வாயைத் திறந்தேன். மேரன் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

"அடுத்த வருஷம் பாக்கலாம் லோனி," என்று சொல்லிவிட்டு, வலது சாக்ஸை உருவ மண்டியிட்டாள்.