ட்ரில் டீச்சரின் கோணல் பின்னல்

வளையப்பந்து ஆட்டத்தில் ரப்பர் வளையம் என் தலைக்கு மேலே பறந்து வந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அதைப் பிடிக்கப் பின்பக்கமாக ஓடியவள் கால் இடறி, வலது கையை ஊன்றி விழுந்தேன். 1950களில், ஓசூரில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் ஆசிரியையாகச் சேர்ந்த முதல் வருஷம் அது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழங்கை வீங்கியது. யாரோ கையை இழுத்து நேராக்க வந்தார்கள்.

"யாரும் தொடாதீங்க! எலும்பு எப்பிடி இருக்குதுன்னு நமக்குத் தெரியாது" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தார் உடற்பயிற்சி சொல்லித்தரும் எங்கள் ட்ரில் டீச்சர். கை இருந்த வாகிலேயே இரண்டு அடிக்கோல்களை அணைகொடுத்துத் துணியால் கட்டினார். பெங்களூர் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை, பஸ்ஸின் ஒவ்வொரு குலுக்கலிலும் என் கையைத் தன் மடியில் தாங்கிக்கொண்டிருந்தார்.

மாவுக்கட்டைப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது. முழங்கைதான் கட்டையாகிப் போயிருந்தது. மடக்கவும் முடியவில்லை, நீட்டவும் முடியவில்லை. போர்டில் எழுத முடியாத ஆசிரியையை எத்தனை நாள் வைத்துக்கொள்வார்கள்? அப்பா இல்லாத வீட்டில் அம்மாவும் தம்பிகளும் என்னை நம்பித்தான் இருந்தார்கள். பார்த்தவர்கள் எல்லாம் எண்ணெய் போட்டு நீவி இழுக்கச் சொன்னார்கள். ட்ரில் டீச்சர் மறுபடி என்னைப் பெங்களூருக்கு அழைத்துப் போனார்.

பிசியோதெரபி என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன். அடிபட்ட கைகால்களை மறுபடி பழக்கும் அந்த அறையில் ஒரு கன்னடப் பெண்மணி இருந்தார். "இழுக்கறது பேட, வேண்டாம்மா. நீங்களேதான் அசைக்கணும், நிதானமா, தினமும்" என்றார். பிறகு, "இந்தக் கையிலே எது முடியலேன்னு ரொம்ப வருத்தம்?" என்று கேட்டார். போர்டு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "எனக்கு நானே தலை பின்ன முடியலைங்க" என்று வந்தது. சொன்னதும் அழுதுவிட்டேன்.

அவர் என்னைத் தேற்றவில்லை. ட்ரில் டீச்சரின் இடுப்புவரை தொங்கிய கூந்தலைப் பார்த்தார். "முதல்ல இவங்க தலையை வாருங்க. சீப்பு நுனிவரைக்கும் போகணும்."

அதன்பின் தினமும் பள்ளி தொடங்கும் முன்பே ட்ரில் டீச்சர் வந்து, குட்டைப் பெஞ்சில் உட்கார்ந்து கூந்தலை அவிழ்த்துவிடுவார். முதலில் சீப்பு அவர் தோளைத் தாண்டவில்லை. என் மூச்சு மாறுவதிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். "நோவுதா கண்ணு? அங்கேயே நிறுத்திக்கோ. நாளைக்குப் பாத்துக்கலாம்." ஒரு நாள்கூட அவர் அவசரப்படுத்தியதில்லை. வாரங்கள் போகப் போக, சீப்பு முதுகில் மெல்ல இறங்கியது.

அந்தக் கை இன்றும் முழுசாக நீளாது. ஆனால் ஓய்வு பெறும்வரை அந்தக் கையால்தான் போர்டில் எழுதினேன்.

சீப்பு நுனியைத் தொட்ட காலையில் நானே அவருக்குப் பின்னியும் விட்டேன். தளர்ந்து, ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு நின்றது. பிரேயரில் தலைமையாசிரியை, "என்ன டீச்சர், இன்னைக்குத் தலை வாரலையா?" என்று கேட்டார்.

ட்ரில் டீச்சர் முதுகைத் திருப்பி, பின்னலை எடுத்துக் காட்டினார். "நம்ம டீச்சர் போட்டதுங்க! அந்தக் கையாலயே!"

மைதானம் முழுக்கச் சிரித்தது. அவர் மட்டும் அழுதுகொண்டிருந்தார்.