அருவி காய்ந்த மாதம்

அப்பாவுக்குக் குடலில் கட்டி என்று மதுரையில் ஆபரேஷன் செய்து தென்காசி வீட்டுக்குக் கூட்டி வந்தபோது, குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்தது. நோயாளியைப் பார்க்க அதைவிடத் தோதான காலம் எங்கள் சொந்தக்காரர்களுக்கு வாய்க்காது. ஒரு கையில் ஆரஞ்சுப் பழம், மறு கையில் துண்டும் எண்ணெய்க் குப்பியும் வைத்த பை. கட்டிலருகே கொஞ்சநேரம் முகத்தைத் தொங்கப்போட்டு நின்றுவிட்டு, "குளிச்சுட்டு வந்து உக்காந்து பேசுதோம்" என்று கிளம்பிவிடுவார்கள்.

இதில் முதலிடம் அப்பாவின் தங்கையான தூத்துக்குடி அத்தைக்கு. அண்ணனைக் கவனிக்க வந்தவள் சாரல் முடியும்வரை தங்கினாள். தினமும் ஈரத் தலையோடு வந்து நிற்பவளிடம் அப்பா, "ஏட்டி, அருவி சௌக்கியமா?" என்று விசாரிப்பார்.

பங்குனியில் அப்பாவுக்குக் கண் மஞ்சளித்தது. நோய் ஈரலுக்குப் பரவிவிட்டது, இனி வலிக்கு ஊசி போடுவதைத் தவிர வழியில்லை என்று டாக்டர் அம்மாவைத் தனியே அழைத்துச் சொன்னார். அப்பாவிடம் வெறும் மஞ்சள்காமாலை என்று எல்லோரும் ஒரே குரலில் பொய் சொன்னோம். பொய்க்குத் துணையாகக் கீழாநெல்லியும் அரைத்துக் கொடுத்தோம். அத்தைக்கு மட்டும் அம்மா உண்மையைச் சொல்லி அனுப்பினாள்.

மறுநாளே அத்தை வந்துவிட்டாள். எண்ணெயும் இல்லை, துண்டும் இல்லை. அப்பா அவளுடைய காய்ந்த தலையையே பார்த்தார்.

"அருவியில சொட்டுத் தண்ணி கிடையாதே. எதுக்கு வந்திருக்க?"

"சும்மா, உன்னையப் பாக்கத்தாண்ணே."

அப்பா சிரித்தபடி அம்மா பக்கம் திரும்பினார்.

"சரி, புரிஞ்சுட்டு. இனிமே அந்தக் கீழாநெல்லிய அரைக்காத. கசக்குது."